சும்மா இருக்கத் தெரியாத கைகள்

அந்தக் கைகளின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. என் மகள் யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தலைமுடி தோள்வரை வளர்ந்துவிட்டது. காலையில் பின்னிவிட நேரமாகிறது என்று அவள் அம்மா சத்தம் போடுகிறாள். எல்லாம் சரியாகிவிட்டதே என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். எனக்குச் சரியாகவில்லை. மகள் தும்மினால் நான் எழுந்து நிற்கிறேன். கழிப்பறையில் அவள் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தால் கதவுக்கு வெளியே போய் நின்றுகொள்கிறேன். "அப்பா, போங்க!" என்று உள்ளேயிருந்து விரட்டுகிறாள். அப்போதெல்லாம் அந்தக் கைகள்தான் கண்முன் வருகின்றன.

குட்டையான விரல்கள், வேலை செய்து செய்து நுனி தட்டையாகிப் போனவை. இடது மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு. அந்தக் கைகள் மடியில் சும்மா கிடந்து யாரும் பார்த்ததில்லை. டிவி பார்க்கும்போது கீரை ஆய்ந்துகொண்டிருக்கும். கீரை இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் சட்டைப் பொத்தானை இழுத்துப் பார்க்கும். "ஆடுதே தம்பி. கழட்டிக் குடுங்க, தச்சுடறேன்."

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியில் அந்தப் பெயர் யாருக்கும் தேவைப்பட்டதுமில்லை. பெரியவர்களுக்கு அவர் அக்கா, பிள்ளைகளுக்குப் பெரிம்மா. ஐம்பத்தெட்டு வயது. கணவர் இல்லை. எங்களுக்கு நேர் கீழ்வீடு. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வதுதான் அவர் பிழைப்பு. எங்கள் மகளோடு சேர்த்து நான்கு பிள்ளைகள்.

ஒருமுறை ஆறாம் மாடி மலாய்க் குடும்பத்தின் குழந்தை லிஃப்டில் மாட்டிக்கொண்டது. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்ட பெட்டிக்குள்ளிருந்து வீல் வீலென்று அழுகை. ஆள் வர ஒரு மணி நேரமாகும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்றார் நேப்பாளக் காவலாளி. அக்கா வீட்டுக்குப் போய்த் தேங்காய்த் துருவியை எடுத்து வந்தார். அதன் இரும்பு நாக்கைக் கதவிடுக்கில் செருகி, முழங்காலை முட்டுக்கொடுத்து நெம்பினார். குழந்தை வெளியே வந்தது. லிஃப்ட் கதவு அதற்குப் பிறகு ஒழுங்காக மூடவே இல்லை. மறுநாள் நிர்வாகம் எச்சரிக்கைத் தாள் ஒட்டியது. அக்கா அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று படித்துவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளை அழுவுறத பார்த்துட்டு சும்மா இருக்க முடியுமா?"

இந்தக் கேள்வியை அவர் ஒரு நாளைக்குப் பத்துமுறை கேட்பார். தண்ணீர் வெட்டு வந்த வாரத்தில், முழங்கால் வலியோடு எட்டாம் மாடிக்கு வாளி தூக்கியபோது கேட்டார். அதே காவலாளி பல்வலியில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டார். கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறக்கச் சொல்லி, கிராம்பெண்ணெயைத் தன் விரலாலேயே வைத்து அழுத்தினார். காவலாளி கத்திய கத்தில் கார் நிறுத்தத்தில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். "இப்ப வலிக்குதா?" என்று அக்கா கேட்டார். வலிக்கவில்லை என்று அவர் தலையாட்டினார். வலித்திருந்தாலும் அப்படித்தான் ஆட்டியிருப்பார்.

அப்போது நானும் சிரித்தேன். இப்படி ஒருவர் கீழ்வீட்டில் கிடைக்க நாம் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று என் மனைவி சுமதியிடம் சொன்னதும் நான்தான். அதை நினைத்தாலும் கோபம் வருகிறது.

யாழினிக்கு ஐந்து வயது நடக்கும்போது இரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். அந்த நாட்களைப் பற்றி இங்கே எழுதவில்லை. கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஐந்து வாரம் இருந்தோம். பிறகு, மருந்துக்கும் மருந்துக்கும் இடையில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பினார்கள். மருந்து நோயை அழிக்கும்போது கூடவே உடம்பைக் காக்கும் வெள்ளையணுக்களையும் அழித்துவிடும். சில நாட்களில் அவை ஏறக்குறைய இல்லாமலே போகும். அந்த நாட்களில், மற்றவர்களை ஒன்றும் செய்யாத கிருமிகூட அவள் உயிரை எடுத்துவிடும். அதற்காக ஒரு தாள் கொடுத்தார்கள். மலாயில் அச்சடித்தது, பன்னிரண்டு விதிகள்.

அக்காவுக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. தமிழ் நன்றாகப் படிப்பார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அந்தத் தாளைத் தமிழில் எழுதினேன். என் வேலையே அதுதான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் மலாய் ஆவணங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக்கொடுக்கிறேன். ஒரு வரி விட்டுப்போனால் வழக்கே கைவிட்டுப் போகும். இருபது வருடத்தில் நான் ஒரு வரி விட்டதில்லை என்று முதலாளி வருகிறவர்களிடம் சொல்வார்.

கறுப்புப் பேனாவில், கொட்டை எழுத்தில், எண் போட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வேகாத காய் வேண்டாம். தோலுரிக்க முடியாத பழம் வேண்டாம். வெளிச்சாப்பாடு வேண்டாம். பூவும் செடியும் வீட்டுக்குள் வேண்டாம். இருமுகிறவர்கள் வாசலோடு போகட்டும். காய்ச்சல் வந்தால் மருந்து கொடுத்து மறைக்காமல் அந்த நிமிடமே மருத்துவமனை.

மற்ற மூன்று பிள்ளைகளையும் யாழினி தேறும்வரை சொந்தக்காரர்களிடம் விடச் சொல்லிவிட்டு, அக்கா பகலில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். தன் மூக்குக்கண்ணாடியைக்கூட எங்கள் ஃபிரிட்ஜ் தலையிலேயே வைத்துவிட்டார். தினமும் காலையில் வந்ததும் கை கழுவி, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சத்தமாகப் படிப்பார். யாழினி பக்கத்தில் முக்காலியில் நின்று எண்ணுவாள். "ஒண்ணு!" "ரெண்டு!" கடைசி வரி வந்ததும் இருவரும் சேர்ந்து "பதினொண்ணு!" என்று கத்துவார்கள். அதன் பிறகுதான் பசியாறுவது.

பதினொன்றையும் அவர் அப்படிக் காத்தார். ஈப்போவிலிருந்து என் சொந்த அத்தை கோயில் தீர்த்தத்தைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு வந்தபோது, கம்பிக் கதவைத் திறக்கவேயில்லை.

"நான் பிள்ளைக்கு அத்தைப் பாட்டிம்மா!" என்றார் அத்தை.

"இருங்க. பாட்டில வெளியவே வைங்க. சாமி கோவிச்சுக்காது. டாக்டர் கோவிச்சுக்குவாங்க."

"நீ யாரு இந்த வீட்டுல?"

"வேலைக்காரின்னு வச்சுக்குங்க. இருமுனீங்களே இப்ப, ரெண்டடி தள்ளி நில்லுங்க."

அத்தை இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை.

முடி கொட்ட ஆரம்பித்த நாளில், தலையணையில் கிடந்த கொத்தைப் பார்த்து யாழினி அழுதாள். அன்று மாலை நான் வீடு திரும்பியபோது வீட்டில் ஒரு சீப்பு இல்லை. என் சட்டைப்பையில் வைக்கும் சின்னச் சீப்புவரை எல்லாவற்றையும் குப்பையில் போட்டிருந்தார். மறுநாள் நான் விரலால் தலைவாரிக்கொண்டு அலுவலகம் போனேன். அதற்கும் சிரித்தேன்.

இரண்டாம் சுற்று மருந்து முடிந்து வந்த வாரம் சுமதிக்கு இருமல் பிடித்தது. மகளுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று சுபாங் ஜெயாவில் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். பகலில் அக்கா, மாலையில் நான் என்று ஓடியது. கொடுத்த மருந்துகளில் ஒன்று குடலைத் தூங்கவைத்துவிடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். மலம் இறங்கச் சிரப் கொடுத்திருந்தார். யாழினி அதைத் துப்பினாள். ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். கழிப்பறையில் உட்கார்ந்து அழுதாள். அப்படி இருந்தால் கூப்பிடுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். நாளை கூப்பிடலாம் என்று தினமும் நினைத்தேன்.

நான்காம் நாள் பிற்பகல். என் எதிரே ஒரு கட்சிக்காரர் நிலப்பத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். தொலைபேசியில் அக்கா.

"தம்பி, பிள்ளைக்கு இன்னும் வெளிய போகல. முக்கி முக்கி மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு. வலி தாங்க மாட்டேங்குது. ஏதாவது செய்யட்டா?"

பின்னால் என் மகள் அழுவது கேட்டது. கட்சிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்க பார்த்துக்குங்கக்கா," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆறு மணிக்கு வீடு வந்தபோது யாழினி சோபாவில் காலை ஆட்டிக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். அக்கா முகம் முழுக்கச் சிரிப்பு. "போயிடுச்சு தம்பி! கல்லு மாதிரி. எம்மாம் வலிச்சிருக்கும் பாவம். இப்பதான் பிள்ளை சிரிக்குது." எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. சுமதிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் அந்தப் பக்கம் அழுதே விட்டாள். மூன்று பேரும் ஒரு குழந்தையின் மலத்துக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டோம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு யாழினிக்குக் குளிரெடுத்தது. பற்கள் அடித்துக்கொண்டன. வெப்பமானியில் முப்பத்தொன்பதுக்கு மேல். அக்கா அவளைப் போர்வையோடு அள்ளிக் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டார். ஃபெடரல் நெடுஞ்சாலை அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று தெரியுமே. முன்னால் ஒரு லோரி நகரவே இல்லை. நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். பின்னால் அக்கா அவள் காதில் எண்ணிக்கொண்டிருந்தார். "ஒண்ணு... ரெண்டு... சொல்லுடா கண்ணு, மூணு..." பெட்டாலிங் ஜெயா தாண்டும்போது யாழினி எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் மருத்துவர். இரத்தம் எடுத்துக்கொண்டே கேள்விமேல் கேள்வி. என்ன சாப்பிட்டாள், யார் வந்தார்கள், இருமல் உண்டா, கடைசியில் இது: "பின்பக்கம் ஏதாவது வைத்தீர்களா? மாத்திரை, வெப்பமானி, ஏதாவது?"

"இல்லை டாக்டர். நிச்சயமாக இல்லை," என்றேன்.

பின்னாலிருந்து மலாயில் அக்காவின் குரல் வந்தது. "அடா, டாக்டர். சாயா புவாட்." இருக்கிறது டாக்டர், நான்தான் செய்தேன். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைத்ததாக, காம்பின் நீளத்தைத் தன் சுண்டுவிரலில் காட்டிச் சொன்னார். மலம் இறங்காத கைக்குழந்தைகளுக்கு நம் வீடுகளில் செய்வதுதான். எனக்கும் செய்திருப்பார்கள். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் செய்திருப்பார்கள்.

மருத்துவரின் கை ஒரு நொடி நின்றது. பிறகு தாதியிடம் வேறொரு மருந்தின் பெயரைச் சொல்லி ஓடச் சொன்னார். யாழினியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு நான் செய்ததை அந்த நடைபாதையில் இருந்த முப்பது பேர் பார்த்தார்கள்.

"உங்கள யாரு செய்யச் சொன்னா? யாரு சொன்னா? மாட்டுக்கு வைத்தியம் பார்க்கற மாதிரி பார்த்திருக்கீங்க!"

"நாலு நாளு தம்பி..."

"நாலு நாளு இல்ல, நாப்பது நாளு ஆகட்டும்! கைய வச்சுக்கிட்டு உங்களால இருக்க முடியாதா? ஊருல எத பார்த்தாலும் கைய விடணும், எதையாவது நோண்டணும்!"

"பிள்ளை அழுவுச்சு. பார்த்துட்டு எப்படிப்பா சும்மா..."

"சும்மா இருந்திருக்கணும்! அதுதான் உங்க வேலை! சும்மா இருக்கறது! என் பிள்ளைய கொன்னுட்டீங்க!"

ஒரு தமிழ்த் தாதி ஓடிவந்து, "அண்ணே, மெதுவா, மெதுவா," என்று என் தோளைப் பிடித்தார். அக்கா கையில் யாழினியின் ஒரு காலணி இருந்தது. அதை நாற்காலியின்மேல், வாசலைப் பார்த்த மாதிரி வைத்தார். இனி என் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டார். தனியாகக் கிள்ளானுக்கு ரயிலேறிப் போனார்.

தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள். இரத்தத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது என்று இரண்டாம் நாள் சொன்னார்கள். கிளெப்சியெல்லா. மூத்த மருத்துவர் என்னை உட்காரவைத்து விளக்கினார். அது யாரும் கொண்டுவந்த கிருமி இல்லை. குடலில் குடியிருப்பது, உங்கள் குடலில், என் குடலில்கூட இருக்கலாம். வெள்ளையணுக்கள் காவல் நிற்கும்வரை அது தன் இடத்தில் இருக்கும். காவல் போன நாளில் ஒரு சின்னக் கீறல் கிடைத்தால் இரத்தத்துக்குள் இறங்கிவிடும்.

"அந்தக் காம்பால்தான் வந்ததா டாக்டர்?"

"வந்திருக்கலாம். நான்கு நாள் இறுகிய மலமே கீறியிருக்கலாம். மருந்தால் குடல் சுவரே மெலிந்துபோய் அதன் வழியாகவும் வந்திருக்கலாம். யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது." பிறகு ஒன்று சொன்னார். "அந்த அம்மா உடனே உண்மையைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. எங்கே பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தது. சரியான மருந்தை முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏற்ற முடிந்தது."

இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சுமதி அழைத்தாள். இருமல் நிற்காததால் அவளை உள்ளே விடவில்லை. சுபாங் ஜெயாவில் இருந்து துடித்துக்கொண்டிருந்தாள். "அந்த மாதிரி எதுவும் வைக்கக் கூடாதுன்னு அக்காவுக்குத் தெரியாதா? நீங்க எழுதித்தானே ஒட்டியிருந்தீங்க?"

"எழுதியிருக்கேன்," என்றேன்.

உடனே சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன். பிறகு மகளுக்குத் துணி எடுக்கக் கிள்ளானுக்கு வந்து, ஃபிரிட்ஜ் முன்னால் நின்றேன்.

பதினொரு வரிகள் இருந்தன. மலாய்த் தாளை அலமாரியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். பன்னிரண்டு. விடுபட்டது எப்படி என்று எனக்கு மறக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த விதிக்கு வந்ததும் "குழந்தையின்" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்து நிறுத்தினேன். அடுத்த சொல்லை எழுதக் கூச்சமாக இருந்தது. என்னைவிட மூத்த ஒரு பெண், தினமும் என் வீட்டுச் சமையலறையில் நின்று, என் கையெழுத்தில் அந்தச் சொல்லைப் படிக்க வேண்டுமா? வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்க வேண்டுமா? யார் போய் அப்படிச் செய்யப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இருபது வருடத்தில் ஒரு வரி விடாதவன்.

சுமதி எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வருவாள். மேசையில் ஒரு பேனா கிடந்தது, நீலம். கறுப்பைத் தேடப் பொறுமையில்லை. தாளின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. பன்னிரண்டு என்று எண் போட்டு, விடுபட்ட வரியை எழுதினேன். இடம் போதாமல் கடைசிச் சொற்கள் ஓரத்தில் நெருக்கியடித்து மேலேறின. எழுதும்போது கூச்சம் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை குளிக்க வந்திருந்தேன். கம்பிக் கதவுக்கு வெளியே அக்கா.

"தம்பி, கண்ணாடிய விட்டுட்டுப் போயிட்டேன்."

நான் எடுத்துக் கொடுத்திருக்கலாம். கதவைத் திறந்துவிட்டு நின்றேன். அவர் உள்ளே வந்து, ஃபிரிட்ஜ் தலையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். பழக்கத்தில் போட்டுக்கொண்டார். பழக்கத்தில் விரல் முதல் வரிக்குப் போயிற்று. உதடுகள் அசைந்தன. விரல் இறங்கியது. பதினொன்றில் நின்றது. பிறகு மெதுவாக நீல மைக்கு வந்து, அந்த வரியின்மேல் கடைசிவரை போயிற்று.

அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் காத்திருந்தேன். அவர் திரும்புவார், கேட்பார். லிஃப்ட் கதவை நெம்பியவர், என் அத்தையை வாசலில் நிறுத்தியவர், எதையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதவர், இதைச் சும்மா விடவா போகிறார்? "இது எப்ப எழுதுனது தம்பி?" என்று ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நான் தயாராக இருந்தேன் என்றுதான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டாவில் துடைத்தார்.

"பிள்ளைக்கு இப்ப எப்படி?"

"பரவாயில்ல."

"சரிப்பா."

இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அந்தக் கைகள் சும்மா இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

செய்தி மாடி மாடியாகப் பரவியிருந்தது. மீதி மூன்று பிள்ளைகளின் பெற்றோரும், இனி அவரிடம் அனுப்புவதில்லை என்று, ஒருவர்பின் ஒருவராகப் பிள்ளைகளை வேறிடத்தில் விட்டார்கள். அவர் தூக்கி வந்த தண்ணீரைக் குடித்தவர்கள்தான். "நல்லவேளை, நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல," என்று மாடிப்படியில் ஒரு பெண் என்னிடமே சொன்னாள். நான் தலையாட்டினேன். என் ஒரு வார்த்தை போதும் அதையெல்லாம் நிறுத்த. இரண்டு மாதத்தில் அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டுச் சுங்கை பூலோவில் தன் தங்கையோடு இருக்கப் போய்விட்டார். லோரியில் சாமான் ஏற்றிய அன்று நான் அலுவலகத்தில் கூடுதல் நேரம் உட்கார்ந்திருந்தேன்.

யாழினி அதற்கு முன்பே வீடு வந்துவிட்டாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். வந்த மறுநாள் காலை முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். விரல் வைத்து எண்ணினாள். பத்து, பதினொண்ணு. அங்கே நிறுத்தினாள்.

"அப்பா, இன்னொண்ணு இருக்கு."

சுமதி தொட்டியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்.

"முதல்லேருந்தே இருந்துச்சும்மா. நீதான் சரியா எண்ணல."

"பெரிம்மா பதினொண்ணுதான் சொல்லிக் குடுத்தாங்க."

"பெரிம்மாவும் தப்பா எண்ணிட்டாங்க."

யாழினி என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள், இந்த முறை பன்னிரண்டுவரை, மெதுவாக, தன்மேல் நம்பிக்கை போன குரலில். சாவின் வாசல்வரை போய்த் திரும்பிய குழந்தைக்கு, சரியாக எண்ணத் தெரிந்த குழந்தைக்கு, உனக்கு எண்ணத் தெரியாது என்று சொன்னேன். சுமதி குழாயை மூடினாள். அன்று மாலையே தாளைக் கிழித்தெடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்தேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, இரண்டு மையோடு.

அந்தக் கைகளின்மேல் கோபம் என்று தொடங்கினேன். அது பொய்யில்லை. அவை வெற்றிலைக் காம்பைத் தொட்டதற்காக மூன்று ஆண்டு கோபப்பட்டுப் பார்த்தேன்; நிற்கவில்லை. பன்னிரண்டாவது வரி அங்கே முதலிலிருந்தே இருந்திருந்தால், என் அத்தையை விரட்டியதுபோல் அந்தக் காம்பையும் அவர் விரட்டியிருப்பார். அது எனக்குத் தெரியும். அந்தக் காலையில் அவருக்கும் தெரிந்துபோயிற்று. அந்தத் தாளைப் பிய்த்தெடுத்து என் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். மாடி மாடியாகக் காட்டியிருக்க வேண்டும். ஊரில் எல்லாருக்காகவும் எதையாவது செய்யும் கைகள் தமக்காக ஒன்றும் செய்யவில்லை. அதற்குத்தான் இந்தக் கோபம். அவர் திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். பேசாமல் போய், என்னை இப்படி விட்டுவிட்டார்.

இதை முதலில் சுமதி படிப்பாள். வாயால் சொல்ல மூன்று ஆண்டாக வரவில்லை, எழுத வருகிறது. அந்தத் தாளையும் இதோடு சேர்த்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போகப் போகிறேன். அவள் என்ன சொன்னாலும், ஞாயிற்றுக்கிழமை சுங்கை பூலோவுக்குப் போவேன். கதவு திறக்குமா என்று தெரியாது.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. உடம்பில் காவல் இல்லாத பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கிற ஒருவர் இதைப் படிக்கக்கூடும். அன்று நான் எழுதாமல் விட்ட வரியை, கூச்சப்படாமல், முழுதாக இங்கே எழுதுகிறேன்.

குழந்தையின் ஆசனவாயில் எதையும் வைக்காதீர்கள். மாத்திரை, வெப்பமானி, எனிமா, எண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பு, எதுவும் கூடாது. மலம் இறங்காமல் குழந்தை எவ்வளவு அழுதாலும், மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். கைகளைச் சும்மா வைத்திருங்கள்.